11.5 கிராம் கௌரவம்

போன சனிக்கிழமை ராத்திரி என் கையில் இரண்டு ராஜா. சீட்டு ஆடுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆடாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறப்போவதில்லை. நியூ ஜெர்சி எடிசனில் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட், தலைக்கு இருபது டாலர், ஓரத்தில் பேப்பர் தட்டில் முறுக்கு. முகத்தில் ஒன்றும் தெரியாதபடி வைத்துக்கொண்டு சிப்ஸை முன்னால் தள்ளப் போகிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர், யாரோ கூட்டிக்கொண்டு வந்த புது ஆள், தன் குவியலிலிருந்து ஒரு சிப்பை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். மேஜையில் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு வீட்டுக்காரரிடம், துக்கம் விசாரிக்கிற குரலில், "என்ன பாஸ், டைஸ் சிப்லயா ஆடுறீங்க?" என்றார்.

வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டவர். நாங்கள் கார் நிறுத்துவதற்காக டிரைவ்வேயில் கிடந்த பனியைச் சாயங்காலமே அள்ளிக் கொட்டியவர். அவர் முகம் சுண்டிவிட்டது. "இல்லண்ணே, தீபாவளிக்கு வாங்கினது... சும்மா வீட்டுல ஆடத்தானே..." என்று இழுத்தார். தன் வீட்டில், தன் மேஜையில், தன் காசில் வாங்கிய பிளாஸ்டிக் வில்லைக்காக ஒரு மனிதர், ஓசியில் முறுக்குத் தின்னுகிறவரிடம் மன்னிப்புக் கேட்கிறார். ராஜாக்கள் கிடக்கட்டும். முதலில் இந்த ஆளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பெயர் ஒட்டிய நகல் சிப்ஸ் வைத்து ஆடுவது கேவலமா? ஆட்டக்காரர்களிடையே கேவலம்தான், நமக்குள் என்ன ஒளிவு மறைவு? யார் வீட்டுக்கு ஆடப் போனாலும் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? அலுமினியப் பெட்டி வெளியே வரும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு தாழ்ப்பாள் உடைந்திருக்கும். உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சில் ஐந்து நிறத்தில் சிப்ஸ், வழவழப்பே இல்லாத இரண்டு சீட்டுக்கட்டு, ஒரு வெள்ளை டீலர் வில்லை, உலகத்தில் எந்தப் போக்கர் ஆட்டத்திலும் யாரும் கையால் தொட்டிராத ஐந்து பகடை. பார்த்ததும் நம் உதட்டோரம் ஒரு கோணல் கோணும். அந்தக் கோணலை உள்ளேயே வைத்துக்கொள்பவன் விருந்தாளி. வாயைத் திறந்து சொல்பவன் நிபுணர்.

நிபுணர்களிடம் ஒரு படிவரிசை உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டி எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் கிடப்பது மருந்துக்கடையில் தொங்குமே, விளிம்பில் பல் வைத்த மெல்லிசு பிளாஸ்டிக், அது. அதை யாரும் கேலி செய்வதில்லை, சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று விட்டுவிடுவார்கள். அடுத்தது டைஸ் சிப், விளிம்பைச் சுற்றிப் பகடை உருவம் வார்த்தது. அதற்கு மேல்படி என்று கடைக்காரர் நினைப்பதும், அதற்குக் கீழ்ப்படி என்று நிபுணர் நினைப்பதும் ஒரே சரக்கு: அதே டைஸ் சிப்பின் நடுவில் 'லாஸ் வேகஸ்' என்றோ 'மோண்டே கார்லோ' என்றோ பளபளவென்று ஸ்டிக்கர். ஆறே மாதத்தில் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பி, முறுக்கு எண்ணெய் உள்ளே இறங்கி, 'கார்லோ' போய் 'மோண்டே' மட்டும் மிஞ்சும். அப்புறம் விஸ்கி கம்பெனி, மோட்டார் சைக்கிள் கம்பெனி, கால்பந்து அணி பெயர் போட்டவை. இவற்றைக் காசு கொடுத்து வாங்கியதாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை, எல்லாமே பிறந்தநாளுக்கு வந்தவை. அதற்கும் மேலே செராமிக். அதற்கும் மேலே ஆர்டர் கொடுத்துச் செய்யும் கிளே சிப்ஸ். உச்சாணிக் கொம்பில், நிஜமான கேசினோவில் நிஜமாகவே காசு தோற்றவர்கள் கைபட்ட பால்சன் சிப்ஸ். விளிம்பில் வட்டமாகத் தொப்பியும் கைத்தடியும் பதிந்திருக்கும். அந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டால் நிபுணர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இத்தனை அலுமினியப் பெட்டியும் எங்கிருந்து வந்தது? 2003இல் டென்னசியில் இருந்து ஒரு கணக்காளர், கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய ஆட்டத்தின் வழியாக உலகப் போக்கர் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலரை அள்ளிக்கொண்டு போனார். மணிமேக்கர் என்பது நிஜப் பெயர், நான் வைத்ததில்லை. அந்த வருஷம் முதன்மைப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். 2006இல் அதே போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர். வராதவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கினார்கள். கணக்காளர் ஒருவரால் முடிகிறதென்றால், ஜாவா எழுதுகிறவர்களால் முடியாதா என்று நம்மவர்களும் வாங்கினார்கள்.

இப்போது கனத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

டைஸ் சிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '11.5 கிராம்' என்று போட்டிருக்கும். அதற்கு அடுத்த ரகம் 13.5 கிராம். அதற்கும் அடுத்தது 14. நிஜ கேசினோ கிளே சிப்பை எடுத்துத் தராசில் வையுங்கள், பெரும்பாலும் 10 கிராமை எட்டாது. நகல், அசலைவிடக் கனம்! எப்படி என்றால், பிளாஸ்டிக்குக்குள் ஒரு இரும்பு வில்லையை வைத்து மூடிவிடுகிறார்கள். ஏனென்றால் கனமாக இருந்தால் அசல் என்று வாங்குகிறவன் நினைத்துக்கொள்கிறான். எவர்சில்வர் கடையில் அம்மா ஒவ்வொரு தூக்குச்சட்டியாகத் தூக்கிப் பார்த்து, "இது நல்ல கனம், உழைக்கும்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்த வளர்ப்பு நமக்கு, நாம் ஏமாறாமல் வேறு யார் ஏமாறுவார்? இந்தப் போட்டி 14இல் நிற்கும் என்று நான் நம்பவில்லை. 20 வரும். 50 வரும். 'அரைக் கிலோ, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டும்' என்று ஒன்று வரும். ஆல் இன் போடுவதற்கு மைத்துனனைக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். பிளஃப் அடிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும், அதிலேயே கண்டுபிடித்துவிடலாம். பேஸ்மென்ட் தாங்குமா என்று என்ஜினியரை அழைத்து வந்து பார்க்கச் சொல்வோம், அவரும் நம்மோடு உட்கார்ந்து ஆடிவிட்டுத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். சிரிக்காதீர்கள். சென்ற முறை ஊருக்குப் போகும்போது என் மச்சினன் ஒரு செட் கேட்டான். 14 கிராம், 500 சிப்ஸ். பெருக்கிப் பாருங்கள், 7 கிலோ. பெட்டியின் கனத்தைச் சேர்க்கவே இல்லை. பல விமானங்களில் கைப்பைக்கு மொத்த அனுமதியே அந்த 7 கிலோதான். பெரியப்பாவுக்கு வைட்டமின் மாத்திரை, அத்தைக்கு பாதாம், பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஷூ, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு நான் இரும்பு சுமந்து போக வேண்டும். சென்னையில் கஸ்டம்ஸ்காரர் திறந்து பார்த்து "என்ன சார் இது?" என்று கேட்டால், "மோண்டே கார்லோ" என்று சொல்ல வேண்டும். வைட்டமின் மாத்திரையைத்தான் கொண்டு போனேன். மச்சினன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இதில் நிபுணர்களின் கூத்து வேறு. கனம் என்றால் மட்டம் என்று தெரிந்த பிறகு அவர்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். "ஒரிஜினல் லைட்டா இருக்கும் பாஸ், கைல வெச்சாலே தெரியும்." லேசானதைத் தேடித் தேடி, கனமானதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். சத்தமும் வித்தியாசமாம். டைஸ் சிப் 'க்ளிங்' என்று கிண்கிணிக்கும். கிளே 'டொக்' என்று அடக்கமாகப் பேசும். பேசட்டும். ஆனால் அந்தக் கிளேயில் இருப்பது வெறும் களிமண் இல்லை. என்னென்னவோ தூளும் பிசினும் கலந்து, சூட்டில் அழுத்தி எடுத்த கலவை. கம்பெனிக்காரர்கள் பக்குவத்தை வெளியே சொல்வதில்லை. அதற்கு ஒரு படி கீழே வைத்தோமே செராமிக், அது பீங்கானே இல்லை, ஒரு வகை பிளாஸ்டிக்தான். ஆக, களிமண் என்கிறது முழுக்கக் களிமண் இல்லை, பீங்கான் என்கிறது பீங்கான் இல்லை. டைஸ் சிப் ஒன்றுதான் தன் பிளாஸ்டிக்கை மறைக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் போய்ப் போலி என்கிறோம்.

பெயரைத் திருடியது குற்றம் என்பார் நிபுணர். யார் யாரிடமிருந்து திருடியது? லாஸ் வேகஸில் 1996இல் திறந்த மோண்டே கார்லோ ஹோட்டலே, மொனாக்கோவில் இருக்கும் மோண்டே கார்லோவைப் பார்த்து வைத்த பெயர்தான். 2018இல் அதையும் எடுத்துவிட்டு பார்க் எம்ஜிஎம் என்று மாற்றிவிட்டார்கள். அதே தெருவில் ஒரு ஈஃபில் கோபுரம் நிற்கிறது, அசலில் பாதி உயரம். கொஞ்சம் தள்ளி வெனிஸ் கால்வாய், படகோட்டி பாட்டுப் பாடிக்கொண்டு துடுப்புப் போடுகிறார், மேலே வண்ணம் அடித்த வானம். எதிர்த்திசையில் போனால் கண்ணாடியில் ஒரு எகிப்துப் பிரமிடு. எங்கள் நியூ ஜெர்சி மட்டும் இளைத்ததா? 1990இல் அட்லாண்டிக் சிட்டியில் கடற்கரையோரமாக ஒரு தாஜ் மஹாலைக் கட்டினார் டிரம்ப். நம் ஊர் தாஜ் மஹாலில் ஒருத்தியைப் புதைத்தார்கள். இங்கே 2016இல் மூடுகிற வரைக்கும் ஏகப்பட்ட பேருடைய சம்பளத்தைப் புதைத்தார்கள். இந்த மாதிரி இடங்களில் புழங்கிய சிப் 'அசல்', திருநெல்வேலிக்காரர் பேஸ்மென்டில் புழங்குவது 'நகல்' என்றால், எந்த நியாயத்தில்?

சரி, அசல் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலும் ஆடிப் பார்த்திருக்கிறேன். மூடிப்போன ஏதோ கேசினோவின் சிப்ஸை ஒருவர் ரேக் ரேக்காக வாங்கி வைத்திருக்கிறார். அதில் பல வருஷத்து ஊர்க் கை அழுக்கு ஏறியிருந்ததாம். ராத்திரி குழந்தைகள் தூங்கிய பிறகு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, மினரல் ஆயில் தடவி, துணியால் துடைத்து எடுத்தாராம். கதை இல்லை, இந்தக் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினால் மட்டும் போதாது, கழுவியதைக் காட்ட வேண்டும். மேஜைப் பக்கம் எண்ணெய்ப் பலகாரம் கூடாது. சிப்ஸைக் கையில் உருட்டி விளையாடினால், "பாஸ், விளிம்பு தேயும்" என்பார். தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பஜ்ஜி இல்லாமல் தோற்பதை எப்படிப் பொறுப்பது?

அதிலும் உச்சம் ஒன்று உண்டு. கேசினோ பெயர் பொறித்த அசல் சிப்பின் மேல் புது லேபிள் அடித்து ஒட்டிக்கொள்கிறார்கள். லேபிளில் என்ன பெயர் என்கிறீர்கள்? இல்லாத ஒரு கேசினோவின் பெயர்! தங்கள் தெருப் பெயரையோ மகள் பெயரையோ வைத்து, கூடவே ஒரு பனை மரமும் போட்டு, அழகான டிசைன். ஏதோ ஒரு பெயரைக் கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்கில் ஒட்டினால் மட்டமாம். அதே காரியத்தை இவர்கள் பால்சனில் செய்தால் கலையாம்.

அந்த அசல் யாருக்குச் சொந்தம் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. நெவாடா மாநிலத்துச் சூதாட்ட விதிப்படி, சிப் என்பது கேசினோ உங்களுக்குத் தர வேண்டிய கடனுக்கு ஒரு அத்தாட்சி, அவ்வளவுதான். சிப் கேசினோவின் சொத்து, உங்களுடையது இல்லை. 2010 டிசம்பரில் லாஸ் வேகஸின் பெலாஜியோ கேசினோவுக்குள் ஒருவர் ஹெல்மெட்டும் துப்பாக்கியுமாக நுழைந்து 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்ஸை வாரிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தார். கேசினோக்காரர்கள் பதறவில்லை. எங்களுடைய 25,000 டாலர் சிப் இன்ன தேதியோடு செல்லாது என்று ஒரு அறிவிப்புக் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு உலகத்திலேயே அசலான அந்தச் சிப்ஸ், நம் வீட்டு டைஸ் சிப்பைவிட மதிப்பில் கீழே போய்விட்டது. டைஸ் சிப்பை வைத்து இன்னொரு ஆட்டமாவது போடலாம். திருடினவர் அதற்குள்ளாகவே, விற்கப் பார்த்து மாட்டிக்கொண்டார்.

கள்ளச் சிப் என்று ஒன்று நிஜமாகவே உண்டு, அது வேறு வம்சம். 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டி பொர்காட்டா கேசினோவில் ஒரு பெரிய போக்கர் போட்டி, 27 பேர் மிச்சம் இருக்கும் நிலையில் நிறுத்தப்பட்டது. ஆட்டத்துக்குள் கள்ளச் சிப்ஸ் நுழைந்திருந்தது. கொண்டுவந்த ஆசாமி, மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, பக்கத்து ஹோட்டலில் தன் அறைக் கழிப்பறையில் மிச்சத்தைக் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டார். முகமதிப்பில் 27 லட்சம். குழாய் அடைத்துக்கொண்டு, கீழ் அறைகளில் தண்ணீர் சொட்டி, பிளம்பர் மூலமாகத் துப்பு துலங்கியது. ஐந்து வருஷம் சிறை கிடைத்தது. சிப்ஸ் விஷயத்தில் வெட்கப்பட வேண்டிய ஆள் என்றால் இவர். தீபாவளிக்கு வாங்கின டைஸ் செட்டை மேஜையில் கொட்டி "சிவப்பு அஞ்சு, பச்சை இருபத்தஞ்சு, கறுப்பு நூறுண்ணே" என்று எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்தவர் எதற்காக வெட்கப்பட வேண்டும்? அவர் யாரை ஏமாற்றினார்? ஸ்டிக்கரில் 'மோண்டே' என்று போட்டிருப்பதைப் பார்த்து நாங்கள் மொனாக்கோவில் இருக்கிறோம் என்று நம்பிவிட்டோமா? மேலே வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுப் போக்கரில் நகல் இல்லாதது எது? இருபது டாலர் ஆட்டத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேஸ்மென்டில் தடவித் தடவி உட்காருகிறோமே, அது டிவியில் பார்த்தது. இரண்டு குவியலை ஒற்றைக் கையால் கலைத்து ஒன்றாக்குகிறோமே, அதுவும் அங்கே பார்த்ததுதான். 'ரவுண்டர்ஸ்' படம் 1998இல் வந்தது. அதில் ஜான் மால்கோவிச் ஓரியோ பிஸ்கட்டைக் காதருகில் பிளந்து பார்ப்பதைக் கண்ட நாளிலிருந்து, எங்கள் கூட்டத்தில் ஒருவர் தட்டையை உடைத்துவிட்டுத்தான் பந்தயம் கட்டுகிறார். யோசிப்பது போல நடிப்பதுகூட இரவல்தான், பாதி நேரம் என்ன சீட்டு வந்தது என்பதே மறந்துபோய் மறுபடி தூக்கிப் பார்க்கிறோம். இத்தனை நகலுக்கு நடுவில் சிப் மட்டும் அசலாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பானேன்?

 நிபுணருக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். அவர் சொல்வதில் ஒன்று சரி. டைஸ் சிப்பை அடுக்கினால் வழுக்கும். பத்துக்கு மேல் போனால் சாயும், யாராவது மேஜையை இடித்தால் யார் குவியல் யாருடையது என்று பஞ்சாயத்து வைக்க வேண்டும். கிளே ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். கையில் உருட்டினாலும் இதமாகத்தான் இருக்கிறது, இல்லை என்றால் பொய். வசதி இருக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், எண்ணெய் தடவட்டும், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காய வைக்கட்டும். சீட்டாட்டத்தில் தொலைப்பதற்குப் பதில் சிப்ஸில் தொலைத்தால் குடும்பத்துக்கு நல்லதுதான். ஆனால் அடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு அவன் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது என்ன பழக்கம்? கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் ரசத்தில் உப்புப் பார்க்கிற ஜாதி அது, எல்லா ஊரிலும் உண்டு.

இவ்வளவு வருஷம் ஆடியதில் நான் கண்டது: சிப்ஸ் மட்டமாக இருந்ததால் எந்த ஆட்டமும் கெட்டதில்லை. சோடா மூடியிலும் ஆடியிருக்கிறோம், புளியங்கொட்டையிலும் ஆடியிருக்கிறோம், சண்டை வந்தது எல்லாம் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போதுதான். நெவாடாக்காரன் விதியில் எழுதி வைத்தது வீட்டுக்கும் பொருந்தும், சிப் என்பது கடனுக்கு அத்தாட்சி. அந்தக் கடனை அன்றைக்கே தீர்க்கிறவர் வீட்டில் பிளாஸ்டிக்கும் அசல்தான். அசல் பால்சனில் ஆடி, "நாளைக்கு வென்மோ பண்ணிடறேன் பாஸ்" என்று காரில் ஏறியவர்களிடமிருந்து எனக்கு வர வேண்டிய பணத்தில் இரண்டு டைஸ் செட் தாராளமாக வாங்கலாம்.

ஆகவே பெட்டி யாருடையது, ஸ்டிக்கரில் என்ன ஊர், எத்தனை கிராம் என்றெல்லாம் பார்க்காதீர்கள். கொடுத்த சிப்பில் ஆடுங்கள், போட்டதைச் சாப்பிடுங்கள், கிளம்புவதற்கு முன்னால் தோற்ற காசைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.